சதுர நிலமும் வளைந்த வயலும்: கூன் வேலிப் பண்ணைகளில் வான்படங்களின் வேலை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லா குரோஸ் நகரத்துக்குத் தென்கிழக்கே கூன் வேலி (Coon Valley) என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஓடி மிசிசிப்பியில் கலக்கும் கூன் க்ரீக் ஓடையின் படுகை, அதாவது மழைநீர் வடிந்து அந்த ஓடைக்கு வந்து சேரும் நிலப்பரப்பு, சுமார் 360 சதுர கிலோமீட்டர். இந்தப் படுகையின் ஒரே இடத்தை 1934-இலும் 1967-இலும் விமானத்திலிருந்து எடுத்த இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள், மண் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவர்களுக்கு நன்கு பழக்கமானவை. முதல் படத்தில் வயல்கள் சதுரம் சதுரமாக இருக்கின்றன. சரிவுகளில் மண் அரித்துப்போன இடங்கள் வெளிறிய கீறல்களாகத் தெரிகின்றன. இரண்டாவது படத்தில் அதே குன்றுகளைச் சுற்றிப் பயிர்கள் பட்டை பட்டையாக வளைந்து போகின்றன.

இந்த இரண்டையும் வழக்கமாக ‘முன்பு, பின்பு’ என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது நடுவில் நடந்த வேலை. வான்படத்தை வைத்துக்கொண்டு ஒரு பண்ணையை எப்படி நடத்துவது என்ற கேள்விக்குக் கூன் வேலி அளவுக்குத் தெளிவான நிகழ்வு அரிது. திட்டமும் ஆவணத்தில் இருக்கிறது, படங்களும் இருக்கின்றன, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அளந்து பார்த்த முடிவும் இருக்கிறது. அந்தப் படங்களின் மேல் யார் கோடு போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்பதைப் பின்தொடர்ந்தால், இன்று டிரோன் படமும் செயற்கைக்கோள் படமும் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு உருப்படியான பாடம் கிடைக்கும்.

நிலம்

பனியூழிக் காலத்தில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியைப் பனிப்பாறைகள் தேய்த்துத் தட்டையாக்கின. இந்த வட்டாரம் மட்டும் தப்பியது. அதனால் இங்கே ஒடுங்கிய மேட்டு முகடுகள், செங்குத்தான சரிவுகள், கீழே குறுகிய பள்ளத்தாக்குகள் என்று நிலம் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. முகட்டுக்கும் பள்ளத்தாக்குத் தரைக்கும் நானூறு, ஐந்நூறு அடி உயர வேறுபாடு சாதாரணம். முகடுகளின் மேல் படிந்திருப்பது பழங்காலத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்மண். வளமானது, உழுவதற்கு இலகுவானது, தண்ணீர் பட்டால் அதே வேகத்தில் கரைந்து ஓடக்கூடியது.

இந்த நிலத்தின் மேல் ஒரு சதுர வலை விழுந்தது. 1785-இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட நிலச் சட்டத்தின்படி, மேற்கே இருந்த நிலத்தை எல்லாம் ஒரு மைல் சதுரங்களாக அளந்து விற்றார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர், அதிலும் கால் பங்கு 40 ஏக்கர். மலை இருக்கிறதா, ஓடை இருக்கிறதா என்று அந்த வலை பார்க்கவில்லை. 1850-களில் குடியேறியவர்கள், அவர்களில் நார்வேக்காரர்கள் ஏராளம், எல்லைக்கு இணையாக வேலி போட்டு, வேலிக்கு இணையாக உழுதார்கள். சரிவான நிலத்தில் அப்படி உழுதால் பாதிச் சால்கள் மேலிருந்து கீழாகத்தான் ஓடும். முதலில் கோதுமை, பிறகு மக்காச்சோளம், புகையிலை, பால் மாடுகள். செங்குத்துச் சரிவில் இருந்த காட்டுக்குள்ளும் மாடுகளை விட்டார்கள். புல்லும் மரக்கன்றுகளும் போயின. கோடை இடிமழை அடிக்கும்போதெல்லாம் மேட்டு மண் சரிந்து பள்ளத்தாக்கு வயல்களை மூடியது.

ஒவ்வொரு விவசாயிக்கும் தன் வயலில் இருக்கும் அரிப்புப் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தின் தலை பக்கத்து நிலத்தில் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் வருவது அதற்கும் மேலே உள்ள மேய்ச்சல் காட்டிலிருந்து என்பது வயலில் நின்று பார்த்தால் தெரியாது.

1933-இல் தொடங்கிய வேலை

1933-இல் அமெரிக்க உள்துறையின் கீழ் மண்ணரிப்புப் பணியகம் தொடங்கப்பட்டது. தலைவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். நாட்டிலேயே முதல் படுகை அளவிலான செயல்விளக்கத் திட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் கூன் வேலி. லா குரோஸில் மண்ணரிப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது அதற்கு ஒரு காரணம். 1935 மார்ச்சில் வேளாண் துறைக்கு மாறிய இந்தப் பணியகம், ஏப்ரலில் சட்டப்படி நிலையான மண் பாதுகாப்புப் பணியகம் ஆனது.

திட்டத்தில் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விவசாயி ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அரசு விதை, சுண்ணாம்பு, உரம், வேலிக்கம்பி தரும். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த இளைஞர்களைக் கொண்ட பணிமுகாம் ஒன்று அங்கே இருந்தது, உடலுழைப்பு அவர்களுடையது. பதிலுக்கு விவசாயி தன் நிலத்தைத் திட்டப்படி பயன்படுத்த வேண்டும். செங்குத்துச் சரிவிலிருந்து மாடுகளை விலக்க வேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட விவசாயிகள் சேர்ந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மைப் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட் இதில் ஆலோசகர். பயிர், மேய்ச்சல், காடு, ஓடை, பறவை என்று தனித்தனித் துறைகளாகப் பிரிக்காமல், ஒரு பண்ணையை முழுதாகப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

முழுதாகப் பார்ப்பது என்று சொல்வது எளிது. அதற்கு முழுப் பண்ணையும் ஒரே தாளில் தெரிய வேண்டும். இங்கேதான் வான்படம் உள்ளே வருகிறது.

படம் எப்படி எடுக்கப்பட்டது

அந்தக் காலத்து வேளாண் வான்படங்களுக்கு வழக்கமான அளவு 1:20,000. எட்டேகால் அங்குலக் குவியத் தொலைவுள்ள லென்ஸை வைத்துக்கொண்டு நிலத்துக்கு மேல் 13,750 அடி உயரத்தில் பறந்தால் இந்த அளவு வரும். விமானம் நேர்கோட்டில் போய்த் திரும்பி அடுத்த கோட்டில் வரும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு சுமார் 60 சதவீதம் மேல்விழ வேண்டும், பக்கத்து வரிசையோடு சுமார் 30 சதவீதம். இந்த மேல்விழுதல் இடைவெளி விடாமல் இருப்பதற்கு மட்டும் உதவவில்லை. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த படங்களை ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்தால் நிலம் மேடு பள்ளமாக எழுந்து நிற்கும். சரிவு எங்கே தொடங்குகிறது, பள்ளத்தின் தலை எங்கே இருக்கிறது என்பது மேசையிலேயே தெரிந்துவிடும்.

பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்குவார்கள். ஓர் அங்குலம் 660 அடி என்ற அளவு வேளாண் துறையில் நிலைத்துவிட்டது. 660 அடி சதுரம் என்பது சரியாகப் பத்து ஏக்கர். ஆகவே படத்தில் ஒரு சதுர அங்குலம் என்றால் பத்து ஏக்கர். 40 ஏக்கர் துண்டு இரண்டங்குலச் சதுரம், 160 ஏக்கர்ப் பண்ணை நாலங்குலச் சதுரம். பெருக்கல் வகுத்தல் இல்லாமலே விவசாயி தன் வயலின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடலாம். இந்த அளவைத் தேர்ந்தவரை எனக்கு மிகவும் பிடிக்கிறது. கருவி எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும், அதன் முடிவு உழுபவரின் கணக்கில் வந்து நின்றது.

ஒரு பண்ணைக்குள்

முகடு முதல் ஓடை வரை இறங்கும் 160 ஏக்கர்ப் பண்ணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த வட்டாரத்தில் அது வழக்கமான அளவு. பணியகத்தின் நிபுணர் பெரிதாக்கிய படத்தை ஒரு பலகையில் பொருத்திக்கொண்டு விவசாயியோடு நிலத்தில் நடப்பார். படத்தில் தெரியும் மரம், களஞ்சியம், வேலி மூலை இவற்றை வைத்துத் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஊசியால் குத்திக்கொள்வார். துளைக்கருவியால் மண்ணை எடுத்து, மேல்மண் எத்தனை அங்குலம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார். கைமட்டக் கருவியால் சரிவை அளப்பார். மண்வகை, சரிவு, அரிப்பு மூன்றும் ஒரே மாதிரியாக இருக்கும் பகுதியைச் சுற்றி படத்தின் மேலேயே மையால் ஒரு கோடு, உள்ளே குறியீடு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரிவின் சதவீதத்தையோ மேல்மண்ணின் ஆழத்தையோ அந்தப் படம் சொல்லவில்லை. அவை கால்நடையாகப் போய் எடுத்த தகவல்கள். படம் செய்தது, அந்தத் தகவல் ஒவ்வொன்றும் பண்ணையின் எந்த இடத்துக்கு உரியது என்று பிசகாமல் பதிய இடம் கொடுத்தது. வெறுந்தாளில் வரைந்திருந்தால் நாளின் பாதி எல்லையை அளப்பதிலேயே போயிருக்கும். இன்று வண்ண வண்ணமாக டிரோன் வரைபடம் தயாரித்துக் கொடுப்பவர்களில் பலர் இந்த நடையைத் தவிர்த்துவிடுகிறார்கள். மண்ணைத் தோண்டிப் பார்க்காத வரைபடம் பாதி வேலைதான்.

இந்தக் குறிப்புகளிலிருந்து நிலத்தைத் திறன்வாரியாக வகுத்தார்கள். நாளடைவில் அது எட்டு வகுப்பு முறையாக உறுதிப்பட்டது. முதல் நான்கு வகுப்புகள் உழவுக்கு ஏற்றவை. எண் கூடக் கூடப் பாதுகாப்பு ஏற்பாடும் கூட வேண்டும். ஐந்து முதல் எட்டு வரை மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் காட்டுயிருக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிறம். (இந்தியாவின் மண் ஆய்வு அறிக்கைகளில் நாம் பார்க்கும் எட்டு நிலத்திறன் வகுப்புகளும் இந்த முறையிலிருந்து வந்தவைதான்.) நிறம் தீட்டிய வான்படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் விவசாயிக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். நிறங்களின் எல்லை குன்றின் வளைவோடு போகிறது, தன் வேலிகளோ அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் போகின்றன.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து புதுக் கோடு போடுவார்கள். பழைய வேலிகளில் எவற்றைப் பிடுங்குவது, காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே புது வேலி எங்கே, தண்ணீர் இறங்கும் தாழ்வாட்டில் எவ்வளவு அகலத்துக்குப் புல்வழி (உழாமல் புல் வளரவிடும் நீர்ப்பாதை) விடுவது, எந்தச் சரிவில் பட்டைப் பயிர். பட்டை என்பது சரிவில் ஒரே உயரத்தில் செல்லும் சமமட்டக் கோட்டையொட்டிப் போகும் நீண்ட வயல். சரிவுக்கு ஏற்ப அறுபது அடியிலிருந்து நூறு அடிக்கு மேல் வரை அகலம் இருக்கும். ஒரு பட்டையில் மக்காச்சோளம், அடுத்ததில் குதிரை மசாலும் கிளோவரும், அதற்கடுத்ததில் ஓட்ஸ், மறுபடி தீவனம் என்று மாறி மாறி வரும். வருடாவருடம் பயிர் சுழலும், ஆனால் எந்த ஆண்டிலும் வெற்றுமண் பட்டைக்குக் கீழே அடர்ந்த தீவனப் பட்டை ஒன்று இருந்துகொண்டே இருக்கும். மேலிருந்து கரைந்து வரும் மண் அங்கே நின்றுவிடும்.

இதன் பலனைப் பின்னாளில் விஷ்மையர், ஸ்மித் இருவரும் உருவாக்கிய மண் இழப்புச் சமன்பாடு எண்ணில் சொல்கிறது. 3 முதல் 8 சதவீதச் சரிவில், மேலும் கீழுமாக உழுவதோடு ஒப்பிட்டால், சமமட்டத்தில் உழுதாலே இழப்பு பாதியாகும். நடுநடுவே தீவனப் பட்டையும் இருந்தால் கால் பங்காகும். சரிவு கூடும்போது இந்தப் பலன் குறைகிறது. 20 சதவீதத்தை நெருங்கும்போது சமமட்ட உழவால் இழப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. செங்குத்தான இடங்களை உழவிலிருந்தே விலக்க வேண்டும் என்று வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

சமமட்டக் கோட்டைப் படத்திலிருந்து எடுத்து அப்படியே வயலில் போட முடியாது. படத்தில் தீர்மானிப்பது எந்த வயல், எத்தனை பட்டை என்பதை. முதல் கோட்டை மட்டக்கருவியோடு வயலில் நடந்து முளையடித்தார்கள், அதைப் பின்பற்றி விவசாயி உழுதார்.

அளக்க வந்த இன்னொரு கை

இதே ஆண்டுகளில் வேளாண் துறையின் இன்னொரு பிரிவும் வான்படத்தைக் கையில் எடுத்தது. 1933 மே மாதச் சட்டப்படி, விளைச்சல் பெருகி விலை சரிந்த பயிர்களின் பரப்பைக் குறைக்கும் விவசாயிக்கு அரசு பணம் தந்தது. குறைத்தாரா என்று யாராவது அளக்க வேண்டுமே! அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வயல் வயலாக நடந்தார்கள். 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் மையப் பகுதியைச் செல்லாததாக்கியது. உடனே பிப்ரவரியில் மண் பாதுகாப்பை அடிப்படையாக வைத்துப் புதுச் சட்டம் வந்தது. மண்ணை உறிஞ்சும் பயிரைக் குறைத்து, மண்ணைத் தேற்றும் பயிரைக் கூட்டினால் பணம். அதாவது அளக்க வேண்டிய வயல்கள் இன்னும் பெருகின.

1937 முதல் பெரிய அளவில் விமானங்களை ஒப்பந்தத்துக்கு எடுத்தார்கள். 1940-களின் தொடக்கத்துக்குள் நாட்டின் விளைநிலத்தில் பெரும்பகுதி படமாகிவிட்டது. மாவட்ட அலுவலகத்தில் பணியாளர் வயலின் விளிம்பைப் பிளானிமீட்டர் என்ற பரப்பளவுக் கருவியின் முனையால் ஒருமுறை சுற்றி வந்தால் ஏக்கர் கணக்கு சக்கரத்தில் வந்துவிடும்.

இதில் ஒரு நுட்பமான சிக்கல், குறிப்பாகக் கூன் வேலி மாதிரி இடத்தில். முகடு கேமராவுக்கு அருகில் இருப்பதால் படத்தில் பெரிதாக விழும், பள்ளத்தாக்கு சிறிதாக விழும். 13,750 அடி உயரத்திலிருந்து எடுத்த படத்தில் 450 அடி உயர வேறுபாடு நீளத்தில் சுமார் 3 சதவீதமும் பரப்பில் 6 சதவீதத்துக்கு மேலும் பிசகைக் கொடுக்கும். பள்ளத்தாக்கின் அளவுப்படி கணக்கிட்டால் முகட்டில் இருக்கும் பத்து ஏக்கர் வயல் சுமார் 10.7 ஏக்கராகத் தெரியும். பணம் ஏக்கருக்குத் தரும்போது இது வெறும் கணிதம் இல்லை. அதனால் தரையில் சங்கிலியால் அளந்த தூரத்தைப் படத்தில் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டுப் பெரிதாக்கும் அளவைச் சரிசெய்தார்கள். இந்தப் பிசகை இடத்துக்கு இடம் நீக்கிய படங்கள் பிற்காலத்தில்தான் வழக்கத்துக்கு வந்தன. இன்றும் டிரோன் படத்தை நேராக்கும் மென்பொருள் தீர்ப்பது அடிப்படையில் இதே கணக்கைத்தான்.

ஒரே மாதிரியான படம் இரண்டு அலுவலகங்களில் இருந்தது. ஒன்றில் விவசாயி பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டார். இன்னொன்றில் அவர் சொன்ன கணக்கு சரியா என்று அவர் இல்லாமலே பார்த்தார்கள். இரண்டாவதைக் குறை சொல்ல மாட்டேன். பொதுப்பணம் போகிற இடத்தில் சரிபார்ப்பு வேண்டும், சங்கிலிக்காரரின் கைப்பிழையைவிடப் படம் நியாயமானது. ஆனால் பண்ணை மாறியது முதல் அலுவலகத்தில்தான். படத்தின் பிரதியைக் குறைந்த விலையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அமெரிக்க வேளாண் துறை வைத்திருந்தது பெரிய விஷயம். இந்தியாவில் வான்படங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. நம் விவசாயி கையில் இருந்தது புல எல்லையும் அளவும் மட்டும் காட்டும் புலப்படம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதில் பார்க்க முடியாது. 1970-இல் அறிவியலாளர் பிஷாரடி தலைமையில் கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டர் பறக்கவிட்டு, அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் வாடல் நோயுற்ற மரங்களைப் பிரித்துப் பார்த்தது இஸ்ரோவின் முதல் தொலையுணர்வுச் சோதனை. அறிவியலாகப் பார்த்தால் அது அருமையான தொடக்கம். ஆனால் அது போன்ற படம் ஒரு தோப்புக்காரரின் கைக்கு வரும் வாய்ப்பு 2021-இன் டிரோன் விதிகளுக்குப் பிறகுதான் பரவலானது.

என்ன கிடைத்தது

மண் பாதுகாப்புப் பணியகத்தினர் 1938-இல் கூன் க்ரீக் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே பல இடங்களில் அளவுக் கோடுகள் போட்டுத் தரைமட்டத்தைப் பதிந்து வைத்திருந்தார்கள். புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள் 1970-களிலும் 1990-களிலும் அதே கோடுகளில் மறுபடி அளந்தார். பள்ளத்தாக்கில் மண் படியும் வேகம் 1930-களோடு ஒப்பிட்டால் 1975-93 காலத்தில் சுமார் 6 சதவீதமாக இறங்கியிருந்தது. அவருடைய கட்டுரை 1999-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது.

அதைவிட வியப்பான இன்னொரு முடிவும் அதில் இருக்கிறது. ஓடை மிசிசிப்பியில் கொண்டுபோய்ச் சேர்த்த மண்ணின் அளவு இத்தனை காலமும் பெரிதாக மாறவில்லை! 1930-களில் மேட்டிலிருந்து இறங்கிய மண்ணில் பெரும்பகுதி பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்டது. மேலே அரிப்பு குறைந்த பிறகு, ஓடை அந்தப் பழைய இருப்பைக் கரையிலிருந்து எடுத்துக் கொண்டுபோகிறது. ஆற்று முகத்துவாரத்தில் மட்டும் கலங்கலை அளந்திருந்தால், நானூறு பண்ணைகளின் உழைப்பும் வீண் என்றே முடிவுக்கு வந்திருப்பார்கள். மாற்றம் நடந்த இடமான வயலின் படமும் பள்ளத்தாக்கின் அளவும் சேர்ந்தே உண்மையைச் சொல்லின. ஒரு பண்ணையை அளக்கும்போது எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியம்.

இதை எல்லாம் பட்டைப் பயிர் மட்டும் செய்துவிடவில்லை. செங்குத்துச் சரிவுகள் மீண்டும் காடாயின, உரமும் நல்ல விதையும் பயிரை அடர்த்தியாக்கின, பின்னாளில் உழவே குறைந்தது. ஓடைகளில் குளிர்ந்த தெளிந்த நீர் திரும்பியது. இன்று இந்தப் படுகையின் டிம்பர் கூலி ஓடைக்கு டிரவுட் மீன் பிடிக்கத் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

கோடுகள் மறுபடி நேராகும்போது

பட்டைப் பயிர் ஒரு பொருளாதாரத்தை நம்பி இருந்தது. பாதி நிலத்தில் தீவனம் வளர்க்க வேண்டுமென்றால் அதைத் தின்ன மாடு வேண்டும். விஸ்கான்சினில் 2004-இல் 15,000-க்கும் மேற்பட்ட பால் பண்ணைகள் இருந்தன. 2024 தொடக்கத்தில் 6,000-க்கும் குறைவு. மாட்டை விற்ற பண்ணைக்குத் தீவனப் பட்டை சுமை. மக்காச்சோளமும் சோயாவும்தான் விற்கும். வளைந்த பட்டைகளின் ஓரத்தில் கூம்பிப்போகும் குட்டைச் சால்கள் பெரிய இயந்திரத்துக்குத் தொல்லை, திரும்பித் திரும்பி எரிபொருளும் நேரமும் போகும். அதனால் இரண்டு மூன்று பட்டைகள் சேர்ந்து ஒரே வயலாயின.

இந்த மாற்றமும் வான்படத்தில்தான் பதிவாகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் மாநில வரைபட அலுவலகமும் 1937-41 காலத்துப் படங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. வேளாண் துறையின் தேசியப் படத்திட்டம் 2003 முதல் பயிர் நிற்கும் பருவத்தில் ஒவ்வொரு மாநிலத்தையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கிறது. முதலில் ஒரு மீட்டர் நுணுக்கம், பிறகு 60 சென்டிமீட்டர். வாரிசு ஒருவர் பாட்டனாரின் பண்ணையை வாங்கியதும் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். பாட்டனார் புல்வழி விட்ட தாழ்வாடு இன்று உழப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே தெரியும். உழப்பட்டிருந்தால் மழைக்குப் பிறகு முதலில் நடந்துபோய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

சட்டமும் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. 1985-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரிப்புக்கு மிகவும் ஆளாகும் நிலத்தை உழுபவர் அரசு உதவி பெற வேண்டுமானால் பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. திட்டத்துக்கு 1990, நடைமுறைக்கு 1995 கெடு. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் விவசாயி மாவட்ட அலுவலகத்தில் பயிர்ப்பரப்பை அறிவிக்கும்போது கையில் வாங்குவது வயல் எண் போட்ட வான்படத்தைத்தான். 1930-களின் இரண்டு அலுவலகங்களும் அந்த ஒரே தாளில் சேர்ந்துவிட்டன.

2018-க்குப் பிறகு

2018 ஆகஸ்ட் 27, 28 இரவில் இந்த வட்டாரத்தில் பெருமழை கொட்டியது. கூன் க்ரீக் படுகையிலும் பக்கத்துக் கிக்காப்பூ ஆற்றின் மேற்குக் கிளையிலும் வெள்ளத் தடுப்புக்காக 1950-60களில் கட்டிய அணைகளில் ஐந்து உடைந்தன. அணையின் உடல் பெரும்பாலும் அப்படியே நின்றது. அது சாய்ந்திருந்த பக்கத்துப் பாறைச் சரிவின் விரிசல் வழியே தண்ணீர் அரித்து வெளியேறியது. பழுதுபார்ப்பதைவிட இந்த அணைகளைச் செயலிழக்கச் செய்வதே மேல் என்பது மண் பாதுகாப்புப் பணியகத்தின் வாரிசான இயற்கை வளப் பாதுகாப்புப் பணியகத்தின் பரிந்துரை.

அணை இல்லையென்றால் தண்ணீரை முகட்டிலும் சரிவிலும்தான் பிடித்து வைக்க வேண்டும். உள்ளூர் விவசாயிகளும் குடியிருப்பவர்களும் சேர்ந்து படுகை மன்றம் ஒன்றைத் தொடங்கி இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அவர்கள் கையில் வான்படத்தோடு லைடார் அளவுகளும் உண்டு. லேசர் துடிப்பால் எடுத்த உயர அளவிலிருந்து, 1930-களில் மட்டக்கருவியோடு நடந்து தேடிய நீரோட்டப் பாதைகளைக் கணினி நிமிடங்களில் வரைந்துவிடும். புல்வழி எங்கே வேண்டும், எந்த வயலை ஆண்டு முழுதும் பசுமையாக வைக்க வேண்டும் என்ற பட்டியலும் கிடைக்கும்.

அந்தப் பட்டியலில் உள்ள வயலை உழுபவர் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். மாடு இல்லாத பண்ணையில் புல்லுக்கு என்ன வருமானம் என்று அவர் கேட்பார். 1933-இல் விதையும் சுண்ணாம்பும் வேலிக்கம்பியும் கொடுத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இப்போதைய பதில் மேய்ச்சல் பண்ணைகளுக்கு உதவித்தொகையாக இருக்கலாம், நிலையான புல்நிலத்துக்கு ஆண்டு வாடகையாக இருக்கலாம், முகட்டு விவசாயிக்குப் பள்ளத்தாக்கு ஊர்கள் தரும் பங்காகவும் இருக்கலாம். எந்த வயலில் எவ்வளவு என்று பேசும் அந்தக் கூட்டத்துக்கு, பண்ணைக்கு ஒன்றாக அச்செடுத்த படமும் அதில் கோடு போட ஒரு பேனாவும் முதலில் மேசைக்கு வர வேண்டும்.